என் பங்கு இரண்டு

நாற்பது விழுக்காடு அரசாங்கத்துடையது.
ஐம்பத்தெட்டு வங்கிக்கு.
மிச்சம் இரண்டு;
அந்த இரண்டுதான் நான்.
கணக்கைக் காட்டிய பெண்
பேனாவைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள்.
பதினேழு இடத்தில் கையெழுத்து.
கடைசி இடத்துக்கு வருவதற்குள்
என் பெயரே யாரோ ஒருத்தியின் பெயரைப் போலாகிவிட்டது.

பர்னி நகரத்துக்கு மேலே
கடல் தெரியாத சரிவில்
மனை எண் முப்பத்தொன்று.
வாரமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து
சும்மா நிற்கிறேன்.
முதலில் கான்கிரீட் தளம், அதன்மேல் மழைநீர்,
மழைநீரில் ஒரு கடற்காகம்.
பிறகு மரச்சட்டங்கள்.
கதவில்லாத இடத்திலெல்லாம் காற்று நுழைந்து
கதவு வரவேண்டிய இடத்தில் நான் நுழைவேன்.

நடுவில் நின்று யோசிப்பேன்.
அரசாங்கத்தின் பங்கு எங்கே முடிகிறது?
குளியலறை அதற்கென்றால்
நான் தட்டிவிட்டுத்தான் போகவேண்டுமா?
கூரை ஒழுகினால்
நாற்பது சொட்டுக்கு ஒரு வாளி
தலைநகரிலிருந்து வருமா?

அந்த ஞாயிறு உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம்.
ஆணி கடித்த வாயோடு ஒருவர் திரும்பிப் பார்த்தார்,
திருடனைப் போல.
டென்சில் ரூக்.
வயது நாற்பத்தேழு.
முதலாண்டுப் பயிலுநர்.

"இரண்டு குறுக்குக்கட்டை
தப்பான உயரத்தில் அடித்துவிட்டேன், வெள்ளிக்கிழமை.
மேற்பார்வையாளனுக்கு இருபத்துநாலு வயது.
நல்ல பையன்தான்.
ஆனாலும் திங்கள் காலை அவன் பார்ப்பதற்குள்…"
மீதியை ஆணிப்பிடுங்கி சொல்லிமுடித்தது.

உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருஷம்.
ஓடும் பட்டையில் கறுத்த துண்டுகளை மட்டும்
பொறுக்கியெறிந்த விரல்கள்.
ஒருநாள் பட்டை நின்றது.
பயிற்சிக்குக் கட்டணமில்லை, அரசாங்கம் கட்டுகிறது;
கருவிப்பெட்டிக்கும் ஒரு தொகை.
முதல் வகுப்பில்
இவர்தான் ஆசிரியரென்று நினைத்துப் பிள்ளைகள்
அரட்டையை நிறுத்தினார்களாம்.
இவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த பிறகு
இன்னும் அதிகமாக நிறுத்தினார்களாம்.

"நீங்களும் இந்தத் திட்டத்தில் மனு போடலாமே" என்றேன்.
கேட்டிருக்கக்கூடாது.
வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து
உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நான்காவது கேள்வி.
இதற்குமுன் உங்கள் பெயரில் வீடு இருந்ததா?
இருந்தது. பதினோரு மாதம்.
அவள் தக்காளி நட்டாள்.
பழுக்குமுன் விற்றுவிட்டோம்,
ஆளுக்கொரு கடனாகப் பிரித்துக்கொண்டு.
படிவத்தில் மாதம் எழுத இடமில்லை.
ஆம், இல்லை, இரண்டே கட்டம்."

அவர் இருப்பது கேரவன் மைதானத்தில்,
குளியலறைக்குப் பக்கத்து வரிசை.
சுடுநீருக்கு நடை மிச்சம் என்றார்.

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
ரசமட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்,
பிடித்துக்கொண்டேன்.
பச்சைத் திரவத்தில் குமிழி
அந்தப்பக்கம் போனது, இந்தப்பக்கம் வந்தது,
கோடுகளுக்கு நடுவில் நிற்கப் பார்த்தது.
என் கைதான் நடுங்கியது.
"மெதுவாக" என்றார், குமிழியிடமா என்னிடமா தெரியாது.

குடிவந்து ஏழு மாதம்.
ஆண்டுக்கொருமுறை மதிப்பீட்டாளர் வருவார் என்று
கடிதம் வந்திருக்கிறது.
படுக்கையறையில் அலமாரி மாட்டத் துளைபோட்டபோது
பூச்சுப்பலகைக்குப் பின்னால்
திருகாணி கெட்டியாகக் கடித்தது.
அங்கேதான் அது இருந்தது,
சரியான உயரத்தில்.
இதை யார் பங்கில் எழுதுவார்
அந்த மதிப்பீட்டாளர்?

காலையில் பேருந்து
அடுத்த தெருவின் புதுச் சட்டங்களைக் கடந்து போகிறது.
சாரத்தில் ஐந்து மஞ்சள் தலைக்கவசம்.
யாரென்று இங்கிருந்து தெரிவதில்லை.
எல்லாருக்குமாக ஒருதரம் ஹாரன் அடிக்கிறேன்.
பின்சீட்டுப் பிள்ளைகள்
ஆடு எதுவும் குறுக்கே வரவில்லையே
என்று ஜன்னலில் தேடுகிறார்கள்.